இரண்டு காக்கியும் ஒரு காலிப் பெட்டியும்

டீ சொல்லியாயிற்றா? ஒன்றில் முடியாது, இரண்டாகச் சொல்லிவிடுங்கள். ரயிலிலும் பஸ்ஸிலும் பாதுகாப்பு என்று பேச்செடுத்தால் நம் ஊரில் எல்லோரிடமும் ஒரே பதில் தயாராக இருக்கும்: "போலீஸ் பத்தாது சார், இன்னும் நாலு பேரைப் போடணும்." போடலாம், தப்பில்லை. அந்த நாலு பேர் யாருடைய ஆட்கள், எதற்கு அவர்களுக்கு அதிகாரம் உண்டு, எந்த மணிக்கு எங்கே நிற்பார்கள் என்று அடுத்த கேள்வி கேட்டால்தான் பேச்சு நின்றுவிடுகிறது. நாம் அங்கிருந்து தொடங்குவோம்.

மாம்பலத்திலோ தாம்பரத்திலோ நடைமேடையில் நிற்கும் காக்கிச் சட்டைக்காரரின் தோள்பட்டையை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அங்கே இரண்டு வகைக் காக்கி உண்டு. ஒருவர் ஆர்பிஎஃப், அதாவது ரயில்வே பாதுகாப்புப் படை. மத்திய அரசின் ஆள். இன்னொருவர் ஜிஆர்பி, நம் வாயில் 'ரயில்வே போலீஸ்', அரசுக் காகிதத்தில் இருப்புப்பாதை காவல்துறை. இவர் தமிழ்நாடு போலீஸ்; உள்ளூர் காவல் நிலையத்தில் இருப்பவருக்கும் இவருக்கும் சட்டையில் வித்தியாசமில்லை. பயணி கண்ணுக்கு இருவரும் ஒன்றுதான். சட்டத்தின் கண்ணுக்கு இல்லை.

ஏன் இப்படி? அரசியல் சட்டத்தில் ரயில்வே மத்தியப் பட்டியலில் இருக்கிறது. காவல்துறை மாநிலப் பட்டியலில் இருக்கிறது. அந்த மாநிலப் பட்டியல் வரியிலேயே 'ரயில்வே போலீஸ் உட்பட' என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஆகவே தண்டவாளம், பெட்டி, நிலையம் எல்லாம் டெல்லிக்குச் சொந்தம். அதன்மேல் நடக்கும் குற்றம் மாநிலத்தின் பொறுப்பு. ரயில்வே தன் சொத்தைக் காக்க ஒரு படையை வைத்துக்கொண்டது. அதற்கு 1957-ல் தனிச் சட்டம் வந்தது, 1985-ல் அது ஒன்றியத்தின் ஆயுதப் படை என்ற தகுதி பெற்றது. பிறப்பிலேயே அது சொத்துக் காவல். பெட்டியிலிருந்து மின்விசிறியைக் கழற்றிக்கொண்டு போனால் ஆர்பிஎஃப் வழக்குப் போடும். அதற்கென்று 1966-லிருந்து ஒரு சட்டமே இருக்கிறது. அந்த மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் உங்கள் பையைக் கழற்றிக்கொண்டு போனால் வழக்கு ஜிஆர்பியிடம். ஆர்பிஎஃப்காரரே திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தாலும் ஜிஆர்பியிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்ப்போம். பெண்கள் பெட்டியில் ஒரு ஆண் ஏறி உட்கார்ந்தால் அது ரயில்வே சட்டத்தின் 162-வது பிரிவு. 2003-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு இந்த மாதிரிக் குற்றங்களை ஆர்பிஎஃப் நேரடியாகக் கையாளலாம். அதே ஆள் கையை நீட்டி ஒரு பெண்ணைத் தொட்டால், அந்த நொடியில் குற்றம் பொதுத் தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவுக்குள் போய்விடுகிறது. வழக்கு ஜிஆர்பிக்கு மாறுகிறது. அவன் இறங்கி ஓடி, நிலையத்துக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் வைத்து மிரட்டினால், அது அந்தப் பகுதிச் சட்டம் ஒழுங்கு காவல் நிலையம். ஒரே ஆள், ஒரே பெண், பத்து நிமிஷம், மூன்று அலுவலகம். "எங்க லிமிட் இல்லம்மா" என்ற வாசகம் பிறக்கிற இடம் இதுதான். சொல்பவர் எல்லா நேரமும் சோம்பேறித்தனத்தால் சொல்வதில்லை. பாதி நேரம் அது உண்மையாகவே அவர் எல்லை இல்லை.

பணக் கணக்கும் உண்டு. ஜிஆர்பிக்கு ஆகும் செலவில் பாதி மாநிலம், பாதி ரயில்வே. ஆளை எடுப்பதும் மாற்றுவதும் தண்டிப்பதும் மாநிலம். உட்கார அறை கொடுப்பது ரயில்வே. ஒரு புதிய பணியிடம் வேண்டுமென்றால் இரு தரப்பும் தலையாட்டியாக வேண்டும். இரண்டு பேர் சேர்ந்து கட்டும் சீட்டு மாதிரி. ஒருவர் தாமதித்தாலும் பணம் வராது. தமிழ்நாட்டில் இந்தக் காவல் சென்னை, திருச்சி என்று இரண்டு ரயில்வே காவல் மாவட்டங்களாக இயங்குகிறது. கும்மிடிப்பூண்டியிலிருந்து கன்னியாகுமரி வரை இருக்கும் தண்டவாளத்தை நினைத்துப் பாருங்கள். கையில் ஆள் குறைவு என்பது உண்மைதான், மறுக்கவில்லை.

ஆனாலும் ஆள் குறைவு மட்டுமே நோய் என்றால் 2016 ஜூன் 24 காலையை விளக்க முடியாது. நுங்கம்பாக்கம் நிலைய நடைமேடையில், வேலைக்குப் போக ரயிலுக்குக் காத்திருந்த இளம் மென்பொருள் ஊழியர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. ஆட்கள் இல்லாத நேரமும் இல்லை. உடல் நீண்ட நேரம் அதே இடத்தில் கிடந்தது. நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா கிடையாது. சந்தேக நபரின் உருவம் கிடைத்தது நிலையத்துக்கு வெளியே தெருக்களில் இருந்த கேமராக்களிலிருந்து. முதலில் வழக்கைக் கையில் எடுத்தது ரயில்வே போலீஸ். சென்னை உயர் நீதிமன்றம் கடுமையாகக் கேள்வி கேட்டது. சில நாளில் வழக்கு மாநகரக் காவல்துறைக்கு மாறியது. ஜூலை 1-ம் தேதி தென்கோடியில், திருநெல்வேலி மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒருவர் பிடிபட்டார்.

அன்றைக்கு ஊரே பேசியது கேமராவைப் பற்றி. கேமரா வேண்டும், சந்தேகமில்லை. பிறகு வந்தும் விட்டது. நிர்பயா நிதி என்று 2013-ல் மத்திய அரசு தொடங்கிய நிதியிலிருந்து ரயில் நிலையங்களுக்கும் மாநகரப் பஸ்களுக்கும் கேமராவுக்கென்று பணம் ஒதுக்கப்பட்டது. ஆனால் கேமரா நடந்ததைச் சொல்லும். நடப்பதைத் தடுக்க வேண்டுமென்றால் அந்தப் படத்தை யாராவது அப்போதே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்த்தவர் யாரையாவது அனுப்ப வேண்டும். அனுப்பப்பட்டவர் இரண்டு நிமிஷத்தில் வந்து சேரும் தொலைவில் இருக்க வேண்டும். கேமரா வாங்குவது மட்டும்தான் டெண்டரில் வரும். இந்த மூன்றும் மாதாமாதம் சம்பளம். அரசாங்கங்களுக்குப் பொருள் வாங்குவது பிடிக்கும், சம்பளம் கொடுப்பது பிடிக்காது. எந்தக் கட்சி என்றாலும் இதில் வேறுபாடு இல்லை.

அன்று யாரும் அதிகம் பேசாத ஒன்று உண்டு. தினமும் ரயிலில் போகிறவர் கடிகாரம்போல வருவார். அதே நிலையம், அதே நடைமேடை, அதே 6.50 வண்டி, படியிலிருந்து இறங்கினால் எட்டும் அதே பெட்டி. சீசன் டிக்கெட் வாழ்க்கை அப்படித்தான். ஒரு பெண்ணைப் பின்தொடர்கிறவனுக்கு அவள் வீட்டு வாசலில் நிற்பதைவிட, அலுவலக வாசலில் நிற்பதைவிட, நடைமேடையில் நிற்பது சுலபம். அங்கே யாரும் யாரையும் ஏன் நிற்கிறாய் என்று கேட்பதில்லை. 2022 அக்டோபரில் பரங்கிமலை நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடும் ரயிலுக்கு முன்னால் தள்ளப்பட்டு இறந்தார். தள்ளியவருக்கு 2024 டிசம்பரில் சென்னை மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதுவும் பின்தொடர்ந்து தொந்தரவு செய்ததில் போய் முடிந்த கதைதான். தள்ளுவதற்கு ஒரு நொடி போதும். நடைமேடையில் பத்துப் போலீஸ் நின்றாலும் அந்த ஒரு நொடியைப் பிடிப்பது கடினம். பிடிக்க வேண்டியது அதற்கு முந்தைய மாதங்களை. பின்தொடர்தல் 2013-லிருந்தே தனிக் குற்றம். இப்போது பாரதிய நியாய சம்ஹிதாவின் 78-வது பிரிவு. முதல் முறை என்றால் ஜாமீனில் விடக் கூடிய குற்றம். "இனி அந்தப் பொண்ணு பக்கம் போக மாட்டேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிடும் பழக்கம் இன்னும் காவல் நிலையங்களில் இருக்கிறது. அப்படி எழுதிக் கொடுத்தவன் மறுநாள் எந்த நடைமேடையில் நிற்கிறான் என்று ரயில்வே போலீஸுக்குச் சொல்ல எந்த ஏற்பாடும் கிடையாது. ரயில் பாதுகாப்பின் ஒரு பெரிய பகுதி ரயிலுக்கு வெளியே, சாதாரணக் காவல் நிலையத்து மேஜையில்தான் நடக்கிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது அந்தக் காலிப் பெட்டிக்கு வருவோம்.

2011 பிப்ரவரி 1, எர்ணாகுளம்–ஷொர்ணூர் பாசஞ்சர். பெண்கள் பெட்டியில் தனியாக இருந்த 23 வயதுப் பெண் தாக்கப்பட்டார். தண்டவாளத்தோரம் கிடந்த அவர் மீது வன்கொடுமை நடந்தது. சில நாளில் திருச்சூர் மருத்துவமனையில் இறந்தார். 2025 பிப்ரவரி 6, கோவை–திருப்பதி இன்டர்சிட்டி. பெண்கள் பெட்டியில் போன கர்ப்பிணி ஒருவர். கூட இருந்த பெண்கள் ஜோலார்பேட்டையில் இறங்கிவிட்டார்கள். வண்டி புறப்படும் நேரத்தில் ஒருவன் ஏறினான். கே.வி.குப்பம் அருகே அவரை வெளியே தள்ளினான். உயிர் பிழைத்தார், வயிற்றுப் பிள்ளை பிழைக்கவில்லை. அதே ஆண்டு ஜூலையில் குற்றவாளிக்குச் சாகும்வரை சிறை என்று திருப்பத்தூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த வகை வழக்கில் அது நல்ல வேகம்.

பதினான்கு ஆண்டு இடைவெளி, இரண்டு மாநிலம். நடந்த விதம் மட்டும் ஒன்று. நிறையப் பெண்கள் இருக்கும்வரை பெண்கள் பெட்டிதான் ரயிலிலேயே பத்திரமான இடம். எல்லோரும் இறங்கி ஒருவர் மிஞ்சியதும் அதுவே ஆபத்தான இடம். பொதுப் பெட்டியில் நாற்பது பேர் இருப்பார்கள், இங்கே யாருமில்லை. பழைய வகைப் பெட்டிகளில் பக்கத்துப் பெட்டிக்குப் போக வழியும் கிடையாது. பல வண்டிகளில் பெண்கள் பகுதி கடைசிப் பெட்டியில், பார்சல் அறைக்கும் கார்டு அறைக்கும் பக்கத்தில் இருக்கும். அந்தப் பெட்டி நிற்கும் இடம் பல நிலையங்களில் நடைமேடையின் இருட்டு முனை. கூரை அதற்கு முன்பே முடிந்திருக்கும். சட்டம் தன் வேலையைச் செய்துவிட்டது: 1989 ரயில்வே சட்டத்தின் 58-வது பிரிவு ஒவ்வொரு பயணி ரயிலிலும் பெண்களுக்கென்று இடம் ஒதுக்கச் சொல்கிறது. எங்கே ஒதுக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. அதை முடிவு செய்வது வண்டியைக் கோர்க்கும் இடத்தில் இருப்பவர்கள்.

பெண்கள் பெட்டியை ரயிலின் நடுவில் வைத்தால், நடைமேடையின் நடுவில், டிக்கெட் கவுன்டருக்கும் டீக்கடைக்கும் எதிரே வந்து நிற்கும். இதற்கு ஒரு புதிய கான்ஸ்டபிள் கூட வேண்டாம். இரவு வண்டிகளில் ரோந்துக்கு ஆள் பத்தவில்லை என்றால், வண்டி முழுக்க நடக்க வேண்டாம். கூட்டம் இறங்கும் பெரிய ஜங்ஷனில் பெண்கள் பெட்டியை மட்டும் எட்டிப் பார்த்து, ஒருவர் தனியாக மிஞ்சியிருந்தால் பக்கத்துப் பெட்டிக்கு மாற்றிவிட்டால் போதும். ஜோலார்பேட்டையில் அன்று அதற்கு இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். தனியாகப் போகும் பெண்களைப் புறப்படும் இடத்திலேயே பார்த்துப் பேசி, வழிநெடுக விசாரிக்கும் 'மேரி சஹேலி' திட்டத்தை ஆர்பிஎஃப் 2020-லிருந்து நடத்துகிறது. நல்ல யோசனை. ஆனால் அது முன்பதிவு செய்த நெடுந்தூரப் பயணிகளை மையமாக வைத்தது. முன்பதிவில்லாத பெட்டியில் ஏறுகிறவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் இருக்காது.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி, கல்லூரிக்கு மின்சார ரயிலில் போகிறவள், என்னிடம் கேட்டாள்: "சித்தப்பா, பயமா இருந்தா செயினை இழுக்கலாமா? ஃபைன் போட்டுட்டா?" நல்ல கேள்வி. ரயில்வே சட்டத்தின் 141-வது பிரிவு, 'போதிய நியாயமான காரணமின்றி' இழுத்தால்தான் குற்றம் என்கிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஒருவன் உன்னை நோக்கி வருவது போதிய காரணம். இழு. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்: செயினை இழுத்ததும் பிரேக் குழாயில் காற்றழுத்தம் இறங்கித்தான் வண்டி நிற்கும், உடனே நிற்காது, நிற்கும் இடமும் ஊருக்கு வெளியே இருட்டாக இருக்கலாம். அடுத்த நிலையம் ஒரு நிமிஷத்தில் வரும் என்றால், கதவருகே போகாமல், கத்திக்கொண்டு, இறங்கக் காத்திருப்பதே சில நேரம் மேல். போன் பண்ண வேண்டுமென்றால் 139. முன்பு பாதுகாப்புக்கு 182 என்று தனி எண் இருந்தது. 2021-ல் அதை 139-உடன் சேர்த்துவிட்டார்கள். எண்கள் குறைந்தது நல்லது. பயத்தில் எவளுக்கும் மூன்று எண் ஞாபகம் வராது. எதுவும் நினைவில் இல்லையா, 112 அடி. அங்கிருந்து அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

ரயில்வே சட்டத்தில் பலருக்குத் தெரியாத இன்னொரு நல்ல வரி இருக்கிறது. 139-வது பிரிவு, போன் எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, எண் மட்டும் ஒன்றாக அமைந்துவிட்டது. தனியாக வரும் பெண்ணையோ சிறுவரையோ டிக்கெட் இல்லையென்று இறக்கிவிட வேண்டுமானால், அவர் ஏறிய நிலையத்திலோ ஜங்ஷனிலோ கடைசி நிலையத்திலோ மாவட்டத் தலைநகர நிலையத்திலோதான் இறக்க வேண்டும். அதுவும் பகலில் மட்டும். எழுதியவர்கள் யாரோ, இருட்டில் ஒரு சின்ன நிலையம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்கள்.

சரி, ஆளைப் போடுவது என்றால் எங்கே போடுவது? இதற்கு லண்டனில் ஒரு சோதனை செய்து பார்த்திருக்கிறார்கள். பிரிட்டனில் ரயில்களுக்கென்று நாடு முழுக்க ஒரே காவல்துறை, பிரிட்டிஷ் டிரான்ஸ்போர்ட் போலீஸ். செலவின் பெரும்பகுதியை ரயில் நிறுவனங்களே கொடுக்கின்றன. இரண்டு காக்கிக் குழப்பம் அங்கே இல்லை. 2011–12 வாக்கில் பாதாள ரயிலில் குற்றம் மிகுந்த 115 நடைமேடைகளைத் தேர்ந்தெடுத்து, சீட்டுக் குலுக்குவதுபோல் பாதியை மட்டும் பிரித்து, அவற்றில் ரோந்து விட்டார்கள். ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிஷம், ஒரு நாளைக்கு நான்கு தடவை. அவ்வளவுதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், ரோந்து போன நடைமேடைகளிலிருந்து வந்த உதவி அழைப்புகள் மற்றவற்றைவிட 21 சதவீதம் குறைவு. அந்தக் குறைவில் 97 சதவீதம், போலீஸ் அங்கே இல்லாத நேரங்களில் ஏற்பட்டது. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட முடிவு இது.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஒருவர் எட்டு மணி நேரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதைவிட, இருவர் எதிர்பாராத நேரத்தில் வந்து பதினைந்து நிமிஷம் நின்றுவிட்டுப் போவது அதிகம் வேலை செய்கிறது. எப்போது வருவார்கள் என்று தெரியாதது குற்றம் செய்ய வருகிறவன் மனதில் நின்றுவிடுகிறது. நம் நிலையங்களிலோ காக்கி பெரும்பாலும் நுழைவாயில் மேஜையருகே இருக்கும். இடத்தை எல்லோருக்கும் தெரியும். நடைமேடையின் கடைசிக் கம்பம், இரண்டாவது மேம்பாலப் படி, சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போகும் சந்து, இங்கெல்லாம் தலை காட்டுவதில்லை. நம்மிடம் இருக்கும் ஆளை வைத்தே இதை மாற்ற முடியும். தேவைப்படுவது ஒரு நோட்டுப் புத்தகம்: எந்த நடைமேடையில், எந்த மணிக்கு, என்ன நடந்தது என்று இரண்டு காக்கியும் சேர்ந்து எழுதும் ஒரே நோட்டு. இப்போது ஆளுக்கொரு நோட்டு.

கட்டடமும் ஒரு போலீஸ்தான். சென்னைப் பறக்கும் ரயில் நிலையங்களைப் பாருங்கள். 1995-ல் கடற்கரை–சேப்பாக்கம் தொடங்கி, 1997-ல் மயிலாப்பூரைத் தொட்டு, 2007-ல் வேளச்சேரி வந்த பாதை. ஒவ்வொரு நிலையமும் அரண்மனை மாதிரி பெரிசு. கடைகள் வரும், அலுவலகங்கள் வரும், வாடகை கொட்டும் என்ற கணக்கில் தளம் தளமாகக் கட்டினார்கள். பெரும்பாலும் வரவில்லை. மிஞ்சியது ஆளில்லாத கூடங்கள், நீளப் படிக்கட்டுகள், வேலை செய்யாத எஸ்கலேட்டர்கள், திருப்பத்துக்குத் திருப்பம் மறைவு. திருமயிலை நிலையத்தின் கீழே மயிலாப்பூரே நெருக்கியடித்து நடக்கிறது. மேலே ஒன்பது மணிக்குப் பிறகு நம் காலடிச் சத்தம் நமக்கே கேட்கும். இந்தப் பாதையைச் சென்னை மெட்ரோவிடம் ஒப்படைக்கும் பேச்சு பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒப்படைத்தால் அங்கே எந்தக் காக்கி நிற்கும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் இன்னொரு எல்லை முளைக்கும்.

1961-ல் ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் நியூயார்க் தெருக்களைப் பார்த்துவிட்டு, தெருவைக் காப்பது அதன்மேல் இருக்கும் சாதாரண ஜனங்களின் கண்கள்தான் என்று எழுதினார். நமக்கு அது புதிதில்லை. திண்ணை இருந்த தெருவில் திருடன் யோசித்துத்தான் நுழைந்தான். ரயில் நிலையத்தில் அந்தக் கண்கள் யாருடையவை? டிக்கெட் கவுன்டர்காரர், பழக்கடைக்காரம்மா, புத்தகக்கடைக்காரர், போர்ட்டர், கூட்டிப் பெருக்குகிறவர். செல்போனில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது நமக்கெல்லாம் சௌகரியம். கூடவே கவுன்டர்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. நடைமேடைக் கடைகளை அகற்றினால் இடம் சுத்தமாகத் தெரிகிறது. ஒன்பதரை மணிக்கு அங்கே தனியாக நிற்கிற பெண்ணைக் கேளுங்கள், சுத்தமான இடம் வேண்டுமா, சுண்டல் விற்கிறவர் வேண்டுமா என்று.

பஸ்ஸில் அந்தக் கண்கள் கண்டக்டருடையவை. இந்த விஷயத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1998-ல் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஈவ்டீசிங்கில் உயிரிழந்த பிறகு மாநில அரசு கொண்டுவந்த சட்டம், பஸ்ஸில் புகார் வந்தால் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்கே ஓட்டிச் செல்லும் கடமையை வண்டிக்குப் பொறுப்பானவர் தலையில் வைத்தது. 2012 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இதையே நாடு முழுக்க விரிவாக்கி உத்தரவு போட்டது. பஸ் நிலையங்களிலும் ரயில் நிலையங்களிலும் சாதாரண உடையில் பெண் போலீஸை நிறுத்தச் சொன்னது. அந்த வழக்கு எங்கிருந்து போனது தெரியுமா? தென்காசியிலிருந்து. பஸ் நிலையத்தருகே கணவனுடன் நின்ற பெண்ணிடம் முறைகேடாக நடந்துகொண்டதற்காக வேலையிலிருந்து நீக்கப்பட்ட ஒரு போலீஸ்காரரின் வழக்கு அது. நீக்கியது சரி என்று நீதிமன்றம் சொன்னது. காக்கியை நிறுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் இந்த வழக்கை நினைத்துக்கொள்வேன்.

2021 மே முதல் சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பாதுகாப்புக்கென்று கொண்டுவந்த திட்டமில்லை அது. ஆனால் மதியம் இரண்டு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் பஸ்ஸில் பெண்கள் கூடியிருக்கிறார்கள். ஒரு பெண் குரல் எழுப்பினால் பக்கத்தில் இன்னும் பத்துக் குரல் இருக்கும். எந்த ரோந்துக்கும் இது குறைந்ததில்லை. இதற்கு நேர்மாறாக, 2018-லிருந்து கண்டக்டர் இல்லாத பஸ்களையும் சில தடங்களில் ஓட்டிப் பார்க்கிறார்கள். சம்பளம் மிச்சம். டிரைவர் ஒருவரே ரோட்டையும் பார்த்து, பின் சீட்டில் நடப்பதையும் பார்க்க வேண்டுமாம். டெல்லியில் பஸ்ஸுக்கு ஒருவர் என்று சிவில் டிஃபன்ஸ் ஆட்களை மார்ஷலாக நிறுத்தினார்கள். 2023 நவம்பரில் ஒரே உத்தரவில் சுமார் 10,000 பேர் வீட்டுக்குப் போனார்கள். தற்காலிக ஆளை வைத்து நிரந்தர வேலை செய்தால் முடிவு இப்படித்தான் இருக்கும்.

மாணவர்களின் 'ரூட்டு தல' சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. பஸ்ஸிலும் மின்சார ரயிலிலும் தடத்துக்கொரு தலைவன், கல்லூரிக்குக் கல்லூரி பகை. 2024 அக்டோபரில் சென்ட்ரல் அருகே அடிபட்ட ஒரு மாணவர் இறந்தே போனார். இதற்கு நடைமேடையில் லத்தி ஒரு நாள் மருந்து. யார் தல என்பது கல்லூரி வாசலில் இட்லிக்கடை வைத்திருப்பவர் வரை தெரியும். பெயர் தெரிந்த குற்றத்துக்குக் கூட்டத்தையே சோதிப்பதில் அர்த்தமில்லை.

கடைசியாகப் புகார். லண்டன் போலீஸ் 2013-ல் ரயிலில் நடக்கும் பாலியல் தொந்தரவுகளுக்கென்று தனி இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. புகார் செய்யச் சொல்லி ஊரெல்லாம் விளம்பரம். புகார் எண்ணிக்கை ஏறியது. அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்கள், இதுவரை வாய் திறக்காதவர்கள் திறக்கிறார்கள் என்று. நம்மூரில் ஒரு காவல் நிலையத்தில் வழக்கு எண்ணிக்கை கூடினால் இன்ஸ்பெக்டருக்கு மேலிடத்திலிருந்து போன் வரும். பிறகு அவர் ஏன் எஃப்ஐஆர் போடுவார்? புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஒரு சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பி வைப்பார். இந்த அளவுகோலை மாற்றாமல் எத்தனை கேமரா மாட்டினாலும், எங்கே எப்போது தொந்தரவு நடக்கிறது என்ற அந்த நோட்டு காலியாகவே இருக்கும்.

உங்கள் பக்கம் சட்டம் இப்போது கொஞ்சம் பலமாகவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-வது பிரிவின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையமும் தகவலைப் பதிவு செய்ய வேண்டும். ஜீரோ எஃப்ஐஆர் என்பது அதுதான். பதிந்த பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்புவது அவர்கள் வேலை, உங்கள் வேலை இல்லை. மின்னஞ்சல் போன்ற வழிகளிலும் தகவல் தரலாம், மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். எஃப்ஐஆர் நகல் இலவசம்.

நெடுந்தூர வண்டியில் பை போனால் நடுவழியில் இறங்கவும் வேண்டாம். டிடிஇயிடமோ கார்டிடமோ வண்டியில் வரும் காவலரிடமோ புகார்ப் படிவம் இருக்கும். எழுதிக் கொடுத்துவிட்டுப் பயணத்தைத் தொடரலாம், அவர்கள் அடுத்த ஜிஆர்பி நிலையத்தில் சேர்ப்பார்கள். போனது செல்போன் என்றால் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதன் ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்து முடக்கலாம்; அதற்குப் புகார் நகல் கேட்கும். அந்தப் பதினைந்து இலக்க எண், போன் கையில் இருக்கும்போதே ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தினால் திரையில் வரும். வேறெங்காவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போனிலேயே சேமித்து வைக்காதீர்கள்.